பல் டாக்டரின் ஆடும் நிப்பு

வேலை கேட்டுப் போன அன்று டாக்டர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. எனக்குப் போட்டிருந்த நாற்காலியைத்தான் பார்த்தார்.

"உக்காராதீங்க அம்மணி, ஆடுது" என்றார்.

நாற்காலியைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்து, இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து, காலை முடுக்க ஆரம்பித்தார். நான் பி.காம். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முடுக்கி முடித்ததும் நாற்காலியைத் தரையில் வைத்து, தானே அதில் உட்கார்ந்து இடமும் வலமும் சாய்ந்து பார்த்தார். பிறகு எழுந்து எனக்கு இடம்விட்டார்.

"இப்ப ஆடுதுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப நாளைக்குக் காலைல வந்துருங்க."

இன்டர்வியூ அவ்வளவுதான். மதிப்பெண் பட்டியலை அவர் கடைசிவரை கேட்கவில்லை.

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அவருடைய கிளினிக். கீழே தேங்காய் பன்னும் ஹனி கேக்கும் விற்றார்கள். மேலே நாங்கள் சொத்தைப் பல் பார்த்தோம். பேக்கரிக்காரரும் டாக்டரும் நல்ல சினேகிதர்கள், அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

டாக்டருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வாய்க்குள் குனிந்து குனிந்தே முதுகு லேசாக வளைந்த, உயரமான மனிதர். நெற்றியில் கட்டிய விளக்கைக் கழற்ற மறந்து அப்படியே டீ குடிக்கக் கீழே இறங்கிவிடுவார். ஆனால் பல் பிடுங்குவதில் அவர் கையைப்போல ஒரு கையை நான் பிறகு பார்க்கவில்லை. "எப்பங்க புடுங்குவீங்க?" என்று பயந்து கேட்பவரிடம், பிடுங்கிய பல்லைத் தட்டில் வைத்துக் காட்டுவார்.

அவருக்கு ஒரு குணம். ஆடுகிற பொருள் எதையும் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பல் வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவரின் மூக்குக் கண்ணாடியை முதலில் கழற்றி வாங்கி, அதன் திருகை முடுக்கிய பிறகுதான் வாயைத் திறக்கச் சொல்வார். ஒருமுறை பஸ்ஸில் காந்திபுரம் போனவர், பக்கத்து ஜன்னல் கம்பி தடதடக்கிறது என்று அதைச் சரிசெய்துகொண்டே போய், டிப்போவில் போய் இறங்கினார். கண்டக்டரும் இறக்கிவிடவில்லை, மறுபக்க ஜன்னலையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

உச்சம் ஒரு துக்க வீட்டில் நடந்தது. பேக்கரிக்காரரின் பெரியப்பா இறந்துபோய், ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மாலையோடு போன டாக்டர் பெட்டிக்கு முன்னால் கை கூப்பி நின்றார், சட்டென்று மண்டியிட்டார். சொந்தக்காரர்கள் அவருடைய மரியாதையைப் பார்த்து நெகிழ்ந்து போனார்கள். அவர் எழுந்திருக்கவேயில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், பெட்டியின் சக்கரத்துக்கு அடியில் ஒரு அட்டையை மடித்துச் சொருகிக்கொண்டிருந்தார்.

"ஆடிட்டே இருந்துச்சுங்க. பெரியவரு நிம்மதியாப் படுக்க வேண்டாமுங்களா?" என்றார்.

இப்படி ஊர் ஆட்டத்தையெல்லாம் நிறுத்தியவரிடம், நிறுத்த முடியாத ஆட்டம் ஒன்று இருந்தது. அது அவருடைய பேனா நிப்பு.

கரும்பச்சை நிறம், கட்டைவிரல் தடிமன், மை ஊற்றி எழுதும் பேனா. கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. அதன் நிப்பு கடைசிப் பால்பல்லைப்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும். ஒரு சமயம் மையை விடவே விடாது. ஒரு சமயம் மொத்தமாக விட்டுவிடும். விடாத நேரத்தில் கழுத்துத் திருகு வழியாகக் கசிந்து, அவர் விரலுக்கும் சட்டைப் பைக்கும் மேசைக்கும் என் நாற்காலிக்கும் வந்து சேரும். கசிகிறது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

"கசியலீங்க. நிப்பு ஆடுது, அதனால சித்த வேர்க்குது" என்பார்.

அந்த வேர்வையில்தான் மருந்துச் சீட்டு எழுதுவார். பக்கத்து மருந்துக் கடைக்காரர் சீட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வருவார். "டாக்டர், இது மாத்திரைங்களா, மேகமுங்களா?" என்று கேட்பார். டாக்டர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சில நாள் அவருக்கே தெரியாது. நோயாளிக்குப் போன் போட்டு, உங்களுக்கு என்னங்க பிரச்சினை என்று விசாரித்து, புதிதாக எழுதித் தருவார்.

அவர் செய்யாத வைத்தியம் இல்லை. குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பைத் திருகில் சுற்றினார். சோப்பைத் தேய்த்தார். மகளுடைய நகப்பாலிஷைப் பூசினார். பல் இடுக்கில் விடும் நூலை நிப்புக்கு அடியில் கட்டினார். அந்த நூலில் புதினா வாசம் சேர்த்திருந்ததால் கொஞ்ச நாள் மருந்துச் சீட்டெல்லாம் புதினா மணத்தது. கசிவு நிற்கவில்லை.

டாக்டருடைய மனைவியைத் தெருவே டாக்டரம்மா என்று கூப்பிடும். வீடு கிளினிக்குக்குப் பின் தெருவில்தான். மத்தியானச் சாப்பாட்டை அவரே எடுத்து வருவார். தூக்குப்போசியை வைக்கும்போது டாக்டரின் சட்டையைப் பார்ப்பார்.

"ஏனுங்க, வேற ஒரு பேனா வாங்கிக்கக் கூடாதுங்களா? ஊருல கிடைக்காத பேனாங்களா இது?"

"மாத்தறது சுலபமுங்க. பல்லு வலிக்குதுன்னு வர்றவங்களுக்கும் புடுங்கிப்போட்டு வேற வெச்சுரலாம். இருக்கறதைக் காப்பாத்தறதுதானுங்க வேலை."

"அப்ப சட்டையைக் காப்பாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இந்தப் பேனா வைத்தியத்தால் நாங்கள் இழந்த நோயாளிகளும் உண்டு. மதுக்கரையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். இரண்டு பஸ் மாறி, யாரோ கைராசி என்று சொன்னதைக் கேட்டு வந்தவர். அவரை நாற்காலியில் சாய்த்து, கழுத்தில் துண்டு கட்டி, மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. மரத்துப்போகிற இடைவெளியில் டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிப் பேனாவைக் கழற்றிக்கொண்டார். நிப்புக்கு அடியில் கறுப்பாக ஒரு கட்டை இருக்குமே, அதற்குப் பேனாக்காரர்கள் நாக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் கஞ்சிபோல ஏதோ மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் என்னிடம் தீவிரமாகச் சொன்னார்:

"இப்பத்தான் புரியுதுங்க அம்மணி. நாக்குலதான் கோளாறு. கழுத்தோட ஒட்டவே இல்லை. நாக்கை ஒரே இழுப்பா வெளிய இழுத்து, கொதிக்கற தண்ணில போட்டம்னா சித்த இளகிரும். அந்தச் சூட்டோட அழுத்தி உள்ள தள்ளிரோணும்."

"அதுக்கும் நிக்கலைன்னாங்க?"

"நிக்கலைன்னா, ஓரத்தைச் சொரண்டி நூல் சுத்திரலாம்."

நான் சுடுதண்ணீர் எடுத்து வருவதற்குள் நாற்காலி காலியாக இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கழுத்தில் எங்கள் துண்டோடு அந்த அம்மா ரோட்டைக் குறுக்கே கடந்து, வந்த பஸ்ஸில், எதிர்த்திசை என்றும் பார்க்காமல் ஏறிக்கொண்டிருந்தார்.

"பயந்த சுபாவம்" என்றார் டாக்டர்.

இன்னொரு நாள் நிப்பை ஊறவைக்கிறேன் என்று ஒரு பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் ஊற்றி நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அதில் உட்கார்ந்திருந்தவர் வீட்டுமனை விற்பவர். வாய் கொப்பளியுங்கள் என்றதும் பக்கத்தில் இருந்த கப்பை எடுத்துக் கொப்பளித்துவிட்டார். நல்லவேளையாக நிப்பு கப்பின் அடியிலேயே தங்கிவிட்டது. மனிதர் சிரித்தபோது பல், ஈறு, நாக்கு எல்லாம் ஒரே நீலம். நான் பதறிப்போனேன். டாக்டர் நெற்றி விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு இந்தப் பக்கம் கடிச்சா சுருக்குனு குத்துமுங்களா?"

"ஆமாங்க, ரெண்டு வருசமாக் குத்துது. யாராலயுமே கண்டுபிடிக்க முடியலைங்க."

"கடைவாய்ப் பல்லுல விரிசல். மை இறங்கிக் கோடு போட்ட மாதிரி தெரியுதுங்க."

அந்த விரிசலை அன்றே அடைத்து அனுப்பினார். வலியும் போயிற்று. ஆனால் அன்று சாயங்காலம் அந்த மனிதரின் பேத்திக்குப் பிறந்தநாள். எல்லா போட்டோவிலும் கேக்குக்குப் பின்னால் நீலமாகச் சிரித்தபடி நின்றிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். டாக்டருக்கு மட்டும் அதில் ஒரே பெருமை. என் பேனா கண்டுபிடிச்ச விரிசல் என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாமல் போன ஒரு நாளும் வந்தது.

டாக்டருடைய ஒரே மகள் சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த பையனைப் பிடித்திருந்தது. பையனின் ஊர் உடுமலைப்பேட்டை, அப்பா தேங்காய் மண்டி வைத்திருப்பவர். இருவரும் வீட்டில் சொன்னார்கள். டாக்டர் வீட்டில் சரி என்றுவிட்டார்கள். உடுமலைக்காரர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எப்போது கேட்டாலும் "பாக்கலாமுங்க" என்பதோடு சரி. மாதக்கணக்கில் அப்படியே போயிற்று. மகளின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. சாப்பாடு குறைந்தது. டாக்டரம்மா ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை என்று என்னிடமே சொன்னார்.

ஒருநாள் உடுமலையிலிருந்து போன் வந்தது. மேல் வரிசையில் முன்பற்கள் போய்விட்டன, பல் கட்டிக்கொள்ள வருகிறேன் என்றார். அவர் பார்க்க வருவது பல்லை அல்ல, எங்களைத்தான் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அன்று காலையிலேயே டாக்டரம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். டாக்டரின் பையிலிருந்து பேனாவை உருவி என் கையில் கொடுத்தார்.

"அம்மணி, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் இது அவரு கண்ணுல படக் கூடாது."

நான் அதை ஆஸ்பத்திரித் துணிகள் வைக்கும் அலமாரியின் கீழ் இழுப்பறையில் வைத்து மூடினேன். மூடும்போது குமிழ் கொஞ்சம் ஆடியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடுமலைக்காரர் வருவதற்கு முன், டாக்டர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். குமிழைத் தொட்டார். முடுக்குவதற்காக இழுப்பறையை வெளியே இழுத்தார். பேனா உருண்டு வந்து முன்னால் நின்றது.

"இங்கயா இருக்கே?" என்று அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

உடுமலைக்காரர் ஆளும் பெரியவர், மீசையும் பெரியது. டிரைவர் ஒரு சாக்குத் தேங்காயைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். உடுமலைக்காரர் பேசவே மாட்டேன் என்கிறார். பேசினாலும் துண்டால் வாயை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை. டாக்டரம்மா பயணம் சௌகரியமா என்றால் "ம்", காப்பி சாப்பிடறீங்களா என்றால் "ஆவட்டுங்க". நாற்காலியில் உட்காரவைத்ததும் டாக்டர் அவருடைய வாட்ச் பட்டையைக் கழற்றி வாங்கி, அதன் பின்னைத் தட்டிக் கொடுத்தார். உடுமலைக்காரர் பட்டையை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

பல் கட்டுவதற்கு முதலில் வாயில் அச்சு எடுக்க வேண்டும். ரோஸ் நிற மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு தட்டில் நிரப்பி, அண்ணத்தோடு அழுத்தி, இறுகும்வரை பிடிக்க வேண்டும். மாவைக் கட்டி இல்லாமல் குழைக்க டாக்டர் யாரையும் நம்புவதில்லை. மாவு டப்பாவை நான் எடுத்து வருவதற்குள் அவருக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்துவிட்டது. திரும்பி வந்தபோது, கருவிகள் வைக்கும் தட்டில் பேனா பாகம் பாகமாகப் படுத்திருந்தது. கண்ணால் கெஞ்சினேன். அவர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு மாவைக் குழைத்தார், நிரப்பினார், வாயில் வைத்து அழுத்தினார்.

நடுவில் உடுமலைக்காரர் ஒருமுறை குமட்டி, எதையோ விழுங்கினார். அச்சை எடுத்ததும், "என்னமோ உள்ள போச்சுங்களே" என்றார். அன்று அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"மாவுங்க. ஒண்ணும் பண்ணாது" என்றார் டாக்டர்.

அச்சை ஈரத் துணியில் சுற்றி, வாசலில் காத்திருந்த பல் லேப்காரரின் வண்டிப் பெட்டியில் வைத்து அனுப்பினேன். உள்ளே வந்தபோது டாக்டர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து இருந்தது, நாக்கு இருந்தது, மூடி இருந்தது. நிப்பைக் காணோம்.

தரையில் தேடினோம். நாற்காலிக்கு அடியில், துப்பும் தொட்டியில், என் கொலுசில்கூடத் தேடினோம். கிடைக்கவில்லை. டாக்டர் என்னையும் டாக்டரம்மாவையும் முன்னறைக்குக் கூட்டி வந்தார். 

"அவரு முழுங்கிட்டாரு போல இருக்குதுங்க."

டாக்டரம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார். "சொல்லாதீங்க. தானாப் போயிரும். இத்தனை மாசம் கழிச்சு வந்திருக்கறாரு. இதைச் சொன்னீங்கன்னா நம்ம புள்ளை கதி?"

"கூர்மையானதுங்க. போற வழியில வவுத்துல குத்திச்சுன்னா?"

"கல்யாணம் நின்னு போச்சுன்னா?"

டாக்டர் நெற்றி விளக்கைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் இருவரும் கதவோரம் நின்றோம்.

"ஏனுங்க, தப்பா நினைக்கக் கூடாது. என்ற பேனா நிப்பைக் காணோமுங்க. அது இப்ப உங்க வவுத்துல இருக்கலாமுங்க."

உடுமலைக்காரர் அவரை நெடுநேரம் பார்த்தார். துண்டை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"தங்கமுங்களா?"

"இல்லீங்க. ஸ்டீலு."

"அப்பப் போச்சாதுங்க, போனாப் போகுது" என்றார்.

டாக்டர் விடவில்லை. பக்கத்து ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனார். அங்கே வாட்ச், மோதிரம் எல்லாம் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தார்கள். படத்தில், அடிவயிற்றில், கூர் நுனியோடு ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. அகலத் தோளும் குறுகிய நுனியும் அசல் நிப்பேதான்.

படம் எடுத்த பையனே வியந்தான். "அரை மணி நேரத்துல இவ்வளவு தூரம் எறங்கிருச்சுங்களே, சார்."

"அந்த நிப்பு எங்கயும் நிக்காதுங்க" என்றார் டாக்டர். "எங்கிட்டயே நிக்கலை."

அவருக்குத் தெரிந்த பெரிய டாக்டர் ஒருவரிடம் போனில் கேட்டார்கள். வலி இல்லையென்றால் பயப்பட வேண்டாம், ராத்திரி கண் பார்வையில் வைத்திருங்கள், காலையில் மறுபடி படம் எடுக்கலாம் என்றார் அவர். வாழைப்பழம் கொடுக்கச் சொன்னது டாக்டரம்மா. இப்படியாக, மாதக்கணக்கில் பிடி கொடுக்காத மனிதர் டாக்டர் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்தார். பழம் வாங்கிவர என்னை அனுப்பினார்கள். முதலில் பூவன், பிறகு ரஸ்தாளி, கடைசியில் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தாராக எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

மகளும் அந்தப் பையனும் ஆபீஸிலிருந்து அடித்துப் பிடித்து வந்தார்கள். பையன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே அவன் அப்பா பழம் உரித்துக்கொண்டிருந்தார், அவன் மாமனாராக வேண்டியவர் அவருக்குக் கீழே தரையில் உட்கார்ந்து சோபாவின் காலை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் முடிஞ்சுது" என்று அவன் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. மகள் சமையலறையில் போய் அழுதாள்.

மறுநாள் காலை டாக்டரம்மா என்னை வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார். நான் போனபோது வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. உடுமலைக்காரர் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிப் பக்கம் போனால் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். திரும்பி வந்தால் யாரும் கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. டாக்டர் மட்டும் அவர் முகத்தையே பார்ப்பார். அவர் தலையை இல்லை என்று ஆட்டிவிட்டு அடுத்த பழத்தை எடுப்பார்.

அப்போதுதான் லேப்காரரிடமிருந்து போன் வந்தது. டாக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"டாக்டர், இது ஏதாவது புது டெக்னிக்குங்களா?" என்றார் லேப்காரர். "உடுமலைக்காரர் அச்சுல, அண்ணத்துக்கு நடுவுல ஒரு நிப்பு நிக்குதுங்க. பல்லு கட்டறப்ப இதையும் சேத்துக் கட்டோணுமுங்களா?"

 டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆடுதுங்களா?"

"என்னதுங்க?"

"நிப்புங்க. ஆடுதா?"

"இல்லீங்களே. சிக்குனு நிக்குதுங்க."

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதற்காக என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

உடுமலைக்காரர் பாதிப் பழத்தோடு உட்கார்ந்திருந்தார். "அப்ப என்ற வவுத்துல இருக்கறது என்னங்க?" என்றார்.

எல்லோரும் அவர் வயிற்றைப் பார்த்தோம். அவரும் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஏதோ விளங்கியது. எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். வேட்டிக் கட்டுக்குள் துழாவி, அரைஞாண் கயிற்றை வெளியே இழுத்துக்கொண்டு திரும்பினார். அதில் ஒரு சின்ன வெள்ளி வேல் தொங்கியது.

"சின்ன வயசுல காமாலை வந்துச்சுங்க. எங்கம்மா பழனிக்கு வேண்டிக்கிட்டுக் கட்டுனது. எடுக்கறதே இல்லீங்க."

"படம் எடுக்கறப்பக் கழட்டச் சொல்லியிருப்பாங்களே?" என்றான் மகன்.

"வாட்சும் மோதரமும்னுதானப்பா சொன்னாங்க. வேலுன்னு சொன்னாங்களா?"

மறுபடி சோபாவில் உட்கார்ந்து, மேசையில் மலைபோலக் கிடந்த பழத்தோலை அவர் ஒருமுறை பார்த்தார். "அப்ப நான் எதுக்குங்க இத்தனை பழம் தின்னேன்?"

டாக்டர் யோசித்துச் சொன்னார். "பல்லு இல்லாதப்ப அதுதானுங்க நல்லது."

உடுமலைக்காரர் சிரித்தார். துண்டு கீழே விழுந்தது, அவர் எடுக்கவில்லை. முன்பல் ஒன்றுகூட இல்லாத வாயைத் திறந்து, மீசை ஆட, வயிறு குலுங்க அப்படி ஒரு சிரிப்பு. சோபா ஆடவில்லை, அதன் காலை டாக்டர் முந்தின நாளே பார்த்துவிட்டார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தார்.

சிரித்து ஓய்ந்ததும் அவர் சொன்னார்: "ஏனுங்க, உங்க ஊட்டுல ஒரு நாள் தங்கி எல்லாத்தையும் நான் பாத்துப்போட்டேன். என்ற வாய், வவுறு எல்லாத்தையும் நீங்க பாத்துப்போட்டீங்க. இதுக்கு மேல பொண்ணு பாக்கறது, மாப்ளை பாக்கறதுன்னு தனியா எதுக்குங்க? தேதியைக் குறிச்சுரலாம்."

பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "டவுன்காரங்க, எதையும் மறைச்சுப் பேசுவாங்கன்னு நினைச்சுட்டு வந்தனுங்க. உங்க ஊட்டுக்காரரு, நிப்பு உன் வவுத்துல இருக்குதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போட்டாரு" என்றார். டாக்டரம்மா காப்பி போட எழுந்து போய்விட்டார். கல்யாணம் உடுமலையில் நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா வரிசையாகப் பல் தெரிய, எல்லோரையும் வாயைத் திறந்து வரவேற்றார்.

நிப்பு திரும்பி வந்தது. அந்த அச்சில் அது அசையாமல் நின்றதைப் பார்த்ததிலிருந்து டாக்டருக்கு ஒரு யோசனை. செயற்கைப் பல்லின் ஈறு செய்யும் ரோஸ் நிற மருந்தை ஊசி முனையில் தொட்டு, பேனாவின் கழுத்துக்குள் மெல்லிசாகப் பூசினார். நாக்கைச் சுடுதண்ணீரில் காட்டி, நிப்போடு சேர்த்து அழுத்தி உள்ளே தள்ளினார். திருகில் கொஞ்சம் கிரீஸ் தடவினார். கரும்பச்சைப் பேனாவுக்கு ரோஸ் நிறத்தில் ஈறு முளைத்த மாதிரி இருந்தது. ஆனால் நிப்பு ஆடவில்லை. மை கசியவில்லை.

வாரக்கணக்கில் கசியவில்லை. டாக்டரின் விரல் சுத்தமாக இருந்தது. சட்டை வெள்ளையாக இருந்தது. மருந்துக் கடைக்காரர் மாடி ஏறி வருவதை நிறுத்திவிட்டார். டாக்டரம்மா பழனிக்குப் போய் வந்தார். எல்லோருக்கும் சந்தோஷம், டாக்டர் ஒருவரைத் தவிர. மத்தியானங்களில் பேனாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூடியைத் திறந்து உதறுவார். காகிதத்தில் ஒரு கோடு இழுப்பார். கோடு சீராக வரும். மூடி வைத்துவிட்டு ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்ப்பார்.

ஒருநாள் கன்னம் வீங்கிய ஒருவர் முன்னறையில் வந்து உட்கார்ந்தார். சொல்லலாம் என்று உள்ளே போனேன். தட்டில் பேனா பாகம் பாகமாகக் கிடந்தது. டாக்டரின் கை மணிக்கட்டுவரை நீலம். நெற்றி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்னங்க டாக்டர், மறுபடியும் கசிஞ்சுதுங்களா?"

"இல்லீங்க அம்மணி. ஒரு சொட்டுக்கூட இல்லை. அதுதான், ஏன் கசியலைன்னு பாக்கலாம்னு தொறந்தேன்."

நிப்பை விரல் நுனியில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அத்தனை வாரமாக நான் பார்க்காத தெளிவு அந்த முகத்தில் இருந்தது.

"வெளிய ஒருத்தர் காத்துட்டிருக்கறாருங்க. கன்னம் நெம்ப வீங்கியிருக்குது."

"சித்த இருக்கச் சொல்லுங்க அம்மணி" என்றார், தலையை நிமிர்த்தாமல். "இது கொஞ்சம் அவசரம்."